ஏற்காடு ஏறும்போது சைக்கிள் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிறு காலையில் எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் அதில் ஏதோ ஒரு வளைவில் சைக்கிளைத் தடுப்புச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் தூக்குவார். ஆலன் கீயும் பழைய பனியன் துணியும் என் பையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தக் கை என்னைத்தான் தேடும். இப்படிப் பல வருஷம் நின்று நின்று பார்த்ததில் ஒன்று புரிந்தது. வருவதெல்லாம் அதே பத்துப் பன்னிரண்டு கோளாறுகள். அதில் முக்கால்வாசி அடிவாரத்து டீக்கடையிலேயே சைக்கிளோடு இருந்தவை. சமதளத்தில் வாயைத் திறக்காமல் வந்து, ஏற்றத்தில் எடை விழுந்ததும் பேசத் தொடங்குகின்றன.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் சொல்கிறேன், கடையில் பில் ஏறும் காரணத்தைக் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். நடுவில் எங்கே கோளாறு தீர்ந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

## மிதிக்கும்போது செயின் ‘டக்’கென்று நழுவுகிறது

சந்தேகம் வந்தவுடன் எழுந்து நின்று மிதிப்பதை விட்டுவிடுங்கள். நின்ற நிலையில் நழுவினால் முழங்கால் போய் ஹேண்டில்பாரில் இடிக்கும், சில நேரம் ஆளே விழுவார்.

பெடல் மூன்று சுற்றுக்கு ஒருமுறை, கணக்குத் தப்பாமல் நழுவினால்: செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே, பின் டிரெய்லரில் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் கை) இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களைப் பாருங்கள். இறுகிய கண்ணி அங்கே வளையாமல் துள்ளும். அதை இரண்டு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

கியர் மாறிய பிறகும் கரகரத்து, தானாக அடுத்த பல்சக்கரத்துக்குத் தாவப் பார்த்தால்: கேபிள் தளர்ந்திருக்கிறது. புதுச் சைக்கிளில் முதல் சில நூறு கி.மீ.க்குள் இது கட்டாயம் வரும். பின் டிரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகும் குமிழ் இருக்கும். பெரிய பல்லுக்கு, அதாவது பெரிய பல்சக்கரத்துக்கு, ஏறத் தயங்கினால் அதை இடஞ்சுழியாக அரைச்சுற்று திருகுங்கள். சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. அரைச்சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். திருகிவிட்டு மிதித்துப் பார்த்து, மறுபடி திருகுங்கள். இதுவே சரிசெய்யும் கோளாறுகளை ஸ்குரூ டிரைவரோடு போய் லிமிட் ஸ்குரூவைத் திருகிக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்குரூவைத் தொடாதீர்கள். செயின் கடைசிப் பல்லைத் தாண்டி விழுந்தால் மட்டுமே அதற்கு வேலை.

பலமாக மிதித்தால் மட்டும் நழுவினால்: தேய்மானம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் 12 அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுங்கள். செயினின் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், நல்ல செயினில் 12-ஆவது அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடுப்புள்ளி வரும். அது ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். 3 மி.மீ. தாண்டியிருந்தால் கேசட்டுக்கும் (பின் பல்சக்கரங்களின் அடுக்கு) சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். தேய்ந்த செயின் கேசட்டின் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துவிட்டிருக்கும். புதுச் செயின் போட்ட மறுநாள் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் இரண்டு மூன்று பல்சக்கரங்களில் மட்டும் நழுவுகிறது என்றால் காரணம் இதுதான், கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

சைக்கிள் வலது பக்கமாக விழுந்த பிறகு, அல்லது பஸ் கூரையில் ஏற்றி வந்த பிறகு தொடங்கியிருந்தால்: டிரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும். பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். மேல் கீழ்க் குட்டிச் சக்கரங்கள் இரண்டும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கீழது உள்பக்கம் சாய்ந்திருந்தால், பெரிய பல்லுக்குப் போகும்போது டிரெய்லர் ஸ்போக்கில் மாட்டும். அப்புறம் ஹேங்கர், டிரெய்லர், ஸ்போக் மூன்றும் ஒரே விநாடியில் போய்விடும். வீடு திரும்பும்வரை பெரிய பல்சக்கரம் இரண்டையும் தொடாமல் வாருங்கள். நேராக்குவது அளவுகோல் கருவி வைத்திருக்கும் கடையின் வேலை.

பெடல் சுற்றுகிறது, சக்கரம் நகரவே இல்லை என்றால்: பின் சக்கரத்தின் நடுவே கேசட் உட்காரும் ஃப்ரீஹப்புக்குள் இருக்கும் கொக்கிகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரோட்டில் செய்ய ஒன்றுமில்லை. கடைக்குப் போங்கள்.

## ஏற்றத்தில் மட்டும் ‘கிரீச், கிரீச்’

இதில்தான் மனிதர்கள் அதிகக் காசை வீணாக்குகிறார்கள். சத்தம் எங்கிருந்து வந்தாலும் அது ஃபிரேம் குழாய் வழியாகப் பயணம் செய்து பெடல் பக்கமிருந்து வருவதுபோலவே கேட்கும். கடையில் சொன்னால் உடனே பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு சுழலும் பேரிங்) மாற்றிவிடுவார்கள். நானும் ஒருமுறை மாற்றினேன். அடுத்த வாரமும் அதே சத்தம். கடைசியில் அது தண்ணீர் பாட்டில் கூட்டின் ஒரு தளர்ந்த போல்ட்!

முதலில் எப்போது வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

உட்கார்ந்தால் வருகிறது, எழுந்து நின்றால் நிற்கிறது என்றால் சீட், சீட் போஸ்ட். போஸ்டை வெளியே எடுத்து, எவ்வளவு உயரம் என்று முதலில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டு, தூசைத் துடைத்து கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். கார்பன் போஸ்டுக்கு மட்டும் கிரீஸ் ஆகாது, கார்பன் பேஸ்ட் போட வேண்டும். சீட்டின் கம்பிகளைப் பிடிக்கும் கிளாம்பையும் கழற்றித் துடையுங்கள். புழுதி ரோட்டில் ஓட்டுபவர்களுக்குப் பாதிச் சத்தம் அங்கேதான்.

நின்று மிதித்தால்தான் வருகிறது என்றால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கட்டை) போல்ட், ஹேண்டில்பார் பிடி, ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்). முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட்செட்டில் வைத்த விரலுக்கு ‘டொக்’ என்று தெரிந்தால் அது தளர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு பெடல் சுற்றுக்கும் ஒருமுறை வருகிறது என்றால் பெடல். கழற்றி, மறையைத் துடைத்து, கிரீஸ் போட்டு இறுக்குங்கள். இடது பெடலுக்கு மறை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். அப்புறம் முன் பல்சக்கரத்தின் போல்ட்டுகள், கிளீட் ஷூ (அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கட்டை வைத்த ஷூ) என்றால் அதன் திருகுகள்.

இத்தனைக்கும் முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன், நினைவில் நிற்கட்டும் என்று. பின் சக்கரத்தைக் கழற்றி, ஃபிரேமில் உட்காரும் இடத்தையும் அச்சையும் துடைத்துவிட்டுச் சரியாக இறுக்கி மாட்டுங்கள். என் கணக்கில் மூன்றில் ஒரு கிரீச் இதிலேயே போய்விடும்.

எதிலும் போகவில்லை என்றால்தான் பாட்டம் பிராக்கெட். அதோடு ஃபிரேமையும் வெளிச்சத்தில் பாருங்கள். பெடல் பெட்டியைச் சுற்றியும் பின் சக்கரம் மாட்டும் இடத்திலும் முடி ஒட்டியதுபோல மெல்லிய கோடு தெரிந்தால் துணியால் துடையுங்கள். துடைத்தும் போகாத கோடு விரிசல். அதற்கப்புறம் அந்த சைக்கிளில் இறக்கத்தில் இறங்கவே கூடாது.

## எழுந்து மிதித்தால் சக்கரம் பிரேக்கில் உரசுகிறது

கோட்டம், அல்லது அறுந்த ஸ்போக். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். தொளதொளவென்று ஒன்று கிடைக்கும். அறுந்திருந்தால் பக்கத்து ஸ்போக்கோடு சேர்த்து டேப் சுற்றி, ரிம் பிரேக் என்றால் அதன் பிடியைச் சற்றுத் திறந்துவிட்டு மெதுவாக வீடு வரலாம். ஒரே மாதத்தில் இரண்டாவது ஸ்போக் அறுந்தால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். மற்றவையும் களைத்துவிட்டன. கோட்டம் எடுக்கத் தெரிந்த நல்ல ஆளிடம் கொடுத்து முழுச் சக்கரத்தையும் புதிதாகக் கம்பி கட்டச் சொல்லுங்கள்.

## இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை, கருகிய வாடை வருகிறது

ஏறும்போது வரும் கோளாறு நேரத்தைத்தான் தின்னும். இது ஆளைத் தின்னும். கொல்லிமலையின் 70 வளைவுகளோ, மசினகுடிக்கும் ஊட்டிக்கும் நடுவில் கல்லட்டியின் 36 வளைவுகளோ, இறங்கும்போது சந்தேகம் வந்தால் நின்றுவிட வேண்டும்.

வாடை வந்தால் ஓரங்கட்டுங்கள். டிஸ்க்கையோ ரிம்மையோ தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். ஆற வைக்கத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், சூடான டிஸ்க் கோணிப்போகும். பத்து நிமிஷம் காற்றில் விடுங்கள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் வழக்கமான காரணம். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, மறுபடி பிடியுங்கள். நடுநடுவே பிரேக் ஆற நேரம் கிடைக்கும். ரிம் பிரேக்கில் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூபே வெடிக்கும்.

லிவர் ஹேண்டில்பார்வரை வந்து தொட்டால், முதலில் பேடைப் பாருங்கள். ரிம் பிரேக் பேடில் வரிப்பள்ளம் மறைந்திருந்தால் மாற்றும் நேரம். டிஸ்க் பேடில் உலோகத் தகட்டின் மேல் அரை மி.மீ.தான் மிச்சம் என்றால் அதுவும் முடிந்தது. பேட் நன்றாக இருந்து கேபிள் பிரேக் என்றால், குமிழை இடஞ்சுழியாகத் திருகிக் கேபிளை இழுத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ராலிக் பிரேக்கில் லிவரை நாலைந்து தடவை அடித்தால் இறுகுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி தொய்கிறது என்றால் குழாயில் காற்று. இதற்கு மலையில் மருந்தில்லை. தள்ளிக்கொண்டு இறங்குங்கள், அல்லது காய்கறி வண்டிக்குக் கை காட்டுங்கள். கடையில் கொடுக்கும்போது என்ன திரவம் ஊற்றுகிறார்கள் என்று நின்று பாருங்கள். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், டாட் திரவம் கேட்கும் பிரேக்குக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே சீல் ஊதிக் கெட்டு, பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கத்துகிறது, ஆனால் பிடிக்கிறது என்றால் பதற்றம் வேண்டாம். செயினுக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க்கில் பட்டிருக்கும். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பேடில் எண்ணெய் ஊறியிருந்தால் அதை மாற்றுவதுதான் வழி.

## ஒரே நாளில் மூன்று பஞ்சர்

டியூப்பை மாற்றிவிட்டு ஓட்டையைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்பவருக்குத்தான் மூன்றாவது பஞ்சர் வரும். ஓட்டையே காரணத்தைச் சொல்லிவிடும்.

வெளிப்பக்கம் ஒரே ஓட்டை: டயரில் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது. கிராமத்து ரோட்டில் சீமைக் கருவேல முள். நாற்கரச் சாலையின் ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மயிரிழைக் கம்பி. விரலால் தடவித் தேடினால் விரல்தான் கிழியும். பஞ்சை டயரின் உள்ளே ஓட விடுங்கள், மாட்டும் இடத்தில் கம்பி இருக்கும்.

பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை: காற்று குறைவு, பள்ளத்தில் ரிம் நசுக்கியிருக்கிறது. உள்பக்கம் ஓட்டை: ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. வால்வு அடியில் கிழிசல்: பம்பை ஆட்டி ஆட்டி அடித்திருக்கிறீர்கள்.

டயரின் பக்கச் சுவரே கிழிந்திருந்தால் பழைய டியூப்பிலிருந்து வெட்டிய துண்டையோ நாலாக மடித்த பால் பாக்கெட்டையோ உள்ளே வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்து வீடு வந்து சேரலாம். அதற்கு மேல் அந்த டயரை நம்பாதீர்கள்.

## கியர் தீர்ந்துவிட்டது, கால் சுற்றவே மாட்டேன் என்கிறது

சைக்கிளில் கோளாறே இல்லை, ஆனால் கடைசிக் கியரிலும் நிமிஷத்துக்கு 40 சுற்றுதான் வருகிறது, ரோட்டில் பாம்புபோல நெளிகிறீர்கள். இங்கே முதல் கேள்வி, கியருக்குக் கேபிள் முழுசாக இழுக்கிறதா? கடைசிப் பெரிய பல்லுக்கு ஏறாமலேயே “கியர் இல்லை” என்று புலம்பியவர்கள் உண்டு.

ஏறுகிறது என்றால் பல்லை எண்ணுங்கள். முன்னால் 34, பின்னால் 28 பல் இருந்தால், 60 சுற்றில் மணிக்கு 9 கி.மீ. சொச்சம் போயாக வேண்டும். 10 சதவீத ஏற்றத்தில் 75 கிலோ ஆளுக்கு அது 200 வாட்டுக்கு மேல். ஒரு மணி நேரம் அதைத் தர எல்லோராலும் முடியாது. பின்னால் 34 பல் கேசட் போட்டால் அதே 60 சுற்றுக்கு ஏழரை கி.மீ. போதும். இதுதான் மலைக்கு மலிவான தீர்வு. ஆனால் வாங்குமுன், உங்கள் பின் டிரெய்லர் அத்தனை பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டைக் கை டிரெய்லர் தாங்காது.

தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கம் வேண்டாம். 200 கி.மீ. பிரெவேக்கு (நேரக் கெடுவுக்குள் முடிக்கும் நெடுந்தூர ஓட்டம்) பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். மோசமான 3 கி.மீ.யை நடந்தால் முக்கால் மணி போகும், முழங்கால் மிஞ்சும்.

## 120 கி.மீ.க்கு மேல் ஆள் திடீரென்று அணைந்துவிடுகிறார்

குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் சும்மா இருந்த மைல்கல்லைத் திட்டினால் கையில் வாழைப்பழத்தைத் திணித்துவிடுவோம். இது பசி. பசியென்று தெரியாத பசி. உட்கார வைத்து, சர்க்கரை போட்ட டீ, கடலை மிட்டாய், பழம் கொடுங்கள். கால் மணியில் மனிதராகிவிடுவார். அடுத்த முறை முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது, அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டும் சரியாகவில்லை என்றால், வேகம். முதல் 50 கி.மீ.யில் முன்னால் போனவரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பறந்தீர்களா? ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் இறங்கி நீட்டிவிட்டு, இரண்டு கியர் இலகுவாக்கிப் போங்கள்.

தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுகிறது, பச்சைத் தண்ணீராகக் குடித்துத் தீர்த்திருக்கிறீர்கள் என்றால் மேலும் தண்ணீர் குடிக்காதீர்கள். உப்பு குறைந்திருக்கிறது. உப்புள்ள தின்பண்டம் ஏதாவது சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மாறாக உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்றால் வெயில் அடித்திருக்கிறது. நிழலில் படுக்க வைத்து, தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த வகையானாலும் குழப்பமாகப் பேசத் தொடங்கினால் ஆஸ்பத்திரிதான். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி என்றாலும் அப்படியே. “கேஸ்தான், சோடா குடித்தால் போய்விடும்” என்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

## முழங்கால் வலி

முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது கனமான கியர். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். வெளிப்பக்கம் வலித்தால் கிளீட்டின் கோணத்தை முதலில் பாருங்கள். சீட் உயரம் பார்க்க எளிய வழி: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நிற்க வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் ஒரே தடவையில் மாற்றாதீர்கள், மாற்றிவிட்டு மறுநாளே 300 கி.மீ. கிளம்பாதீர்கள். வீக்கம் வந்தாலோ, மாடிப்படி இறங்கும்போதும் வலித்தாலோ, இரண்டு வார ஓய்வில் போகாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

## கை மரத்துப்போகிறது, கழுத்து தலையைத் தாங்கவில்லை

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் ஓரத்தில் நரம்பு அழுந்துகிறது. பிடியைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள். மறுநாளும் சட்டைப் பித்தான் போட முடியவில்லை என்றால் மருத்துவர்.

கழுத்து விஷயம் 600 கி.மீ.க்கு மேல் போகிறவர்களுக்கு. கழுத்துத் தசை களைத்துத் தலை மார்பில் விழுந்துவிடும். 1983-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மருக்கு வந்ததால் அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள். கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு ஓட்டும் நிலை வந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. ரோடு தெரியாமல் ஓட்ட முடியாது.

## ராத்திரி கண் சொக்குகிறது

பிரெவேயில் 400 கி.மீ.க்கு 27 மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம். இரவு ஓட்டம் தவிர்க்க முடியாது. கொட்டாவி, கோடு விட்டுக் கோடு அலைவது, கடந்து வந்த ஊர் நினைவில் இல்லாமல் போவது என்று மூன்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள். டீ மட்டும் போதாது. டீயைக் குடித்துவிட்டுப் பஸ் நிழற்குடையில் அலாரம் வைத்து 20 நிமிஷம் படுங்கள், எழும்போது டீயும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். பின் விளக்கை அணைக்காமல் சைக்கிளைத் தலைமாட்டில் சாய்த்து வையுங்கள். கூட வந்தவர் “இன்னும் 30 கி.மீ.தானே” என்பார். அவரையும் படுக்கச் சொல்லுங்கள்.